29-ஐ விட 28 பெரிசு! சைக்கிள் சக்கரத்தில் ஏமாறாதீர்கள்

ஸ்டைலைப் பார்த்து வாங்கினால் முட்டி போகும். டயர் நம்பர் தப்பினால் உயிரே போகும்!

(நமது நிருபர்)

ராஜபாளையம்

சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? கடைக்குள் நுழைவதற்கு முன் ஒரு நிமிடம்!

28 இஞ்ச் சக்கரம் பெரிதா, 29 இஞ்ச் சக்கரம் பெரிதா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "இது என்ன கேள்வி, 29 தான்" என்பார்கள்.

தப்பு! நம்ம ஊர்க் கறுப்பு சைக்கிளின் 28 இஞ்ச் ரிம், புது மாடல் 29 இஞ்ச் ரிம்மை விட 13 மில்லி மீட்டர் பெரிது. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணே அதற்குச் சாட்சி.

இந்த ஒரு குழப்பம் போதும், உழைத்துச் சேர்த்த பணம் வீணாக. இதை விட மோசம், ரிம்முக்குப் பொருந்தாத டயர் ஓடுகிற ஓட்டத்தில் கழன்று, ஆளையும் கீழே தள்ளிவிடும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 12 கிலோ மீட்டர். கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744 இதுதான். தென்காசி, செங்கோட்டை பஸ்களும் கேரளா போகிற லாரிகளும் பறக்கிற ரோடு. அந்த ரோட்டின் ஓரத்தில்தான் சைக்கிளும் போயாக வேண்டும்.

மில் ஷிப்டுக்குப் போகிறவர், கோர்ட்டு வேலைக்குப் போகிறவர், கடை திறக்கப் போகிறவர் எல்லோருக்கும் சக்கரம் சரியாக இருப்பது சொகுசு அல்ல. பத்திரமாக வீடு திரும்புகிற விஷயம்.

வாலிபர்கள் கேட்கும் ஸ்டைல்

"அண்ணாச்சி, ஹேண்டில்பார் உயரமா, பாடி தாழ்வா, டயர் தடியா ஒரு வண்டி காட்டுங்க" என்று கேட்கிற வாலிபர் மனசில் இருப்பது பி.எம்.எக்ஸ். சைக்கிள்.

இது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்த விளையாட்டு. அங்கே 1970 வாக்கில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்த பொடியன்கள், தங்கள் 20 இஞ்ச் சைக்கிளை மண் மேட்டில் ஏற்றிக் குதிக்க விட்டார்கள். 'பைசிக்கிள் மோட்டோகிராஸ்' என்று பெயர் வந்தது. அதுவே சுருங்கி பி.எம்.எக்ஸ். ஆனது.

பொடியன்கள் ஆரம்பித்தது 2008-ல் பீஜிங் ஒலிம்பிக் வரை போய்விட்டது. இன்றும் ஒலிம்பிக் வீரர்கள் ஓட்டுவது அதே 20 இஞ்ச் சக்கரம்தான்.

ஆனால் அந்த வண்டி 12 கிலோ மீட்டர் வேலைக்குப் போக செய்த வண்டி இல்லை. சில நூறு மீட்டர் பாய, குதிக்க, சுழற்ற செய்தது. ஓட்டுகிறவர் பெரும்பாலும் சீட்டில் உட்காருவதே கிடையாது. பெடலில் நின்றுகொண்டேதான் ஓட்டுவார். அதனால் சீட் தரையோடு தரையாக இருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

நமக்கு அப்படியா? ஒரு மணி நேரம் உட்கார்ந்து மிதிக்க வேண்டும்.

'கிழவனுக்கு' ஒரு வண்டி

பொடியன்கள் வளர்ந்தார்கள். வளர்ந்த பிறகும் ஆசை விடவில்லை. அவர்களுக்காக வந்ததுதான் 'குரூசர்'. அதே தோரணை, அதே ஒற்றை கியர், ஆனால் சக்கரம் பெரிது, பாடியும் நீளம்.

பந்தயத்தில் குரூசர் என்றால் 24 இஞ்ச். ரோட்டில் ஓட்ட 26, 29 இஞ்ச்சிலும் வருகிறது. எஸ்.இ. என்ற அமெரிக்கக் கம்பெனியின் 26 இஞ்ச் வண்டிக்கு 'ஓ.எம். ஃப்ளையர்' என்று பெயர். ஓ.எம். என்றால் 'ஓல்ட் மேன்'. அதாவது கிழவன்!

வயசுக்கு வந்தவனுக்கு 20 இஞ்ச் சரிப்படாது என்பதை பி.எம்.எக்ஸ்.காரர்களே ஒப்புக்கொண்ட கதை இது.

22-ம் 24-ம் வேறே கணக்கு

நம்ம ஊரில் குழப்பம் ஏன் வருகிறது? பழைய பழக்கம்தான் காரணம்.

அப்பா, தாத்தா காலத்தில் "22 இஞ்ச் சைக்கிள்", "24 இஞ்ச் சைக்கிள்" என்பார்கள். கேரியரில் பால் கேன் தொங்கவிட்டு மிதித்தவர்களும், சத்திரப்பட்டிப் பக்கம் துணி மூட்டை ஏற்றியவர்களும், நெட்டையான ஆட்களும் 24 கேட்டு வாங்குவார்கள்.

அந்த 22-ம் 24-ம் சக்கர அளவே இல்லை! அது பாடியின் உயரம். அதாவது பெடல் அச்சிலிருந்து சீட் குழாய் மேல்நுனி வரை உள்ள நீளம். இரண்டு வண்டிக்குமே சக்கரம் 28 இஞ்ச்தான்.

இன்றைக்கு மலைச் சைக்கிள், குரூசர் என்று வருகிற வண்டிகளில் கடைக்காரர் சொல்லும் 24, 26, 27.5, 29 எல்லாம் சக்கர அளவு. ஆக, தாத்தா சொன்ன 24-ம் பேரன் கேட்கிற 24-ம் ஒன்றல்ல. தாத்தாவின் 24 நெட்டை ஆளின் வண்டி. பேரனின் 24, பள்ளிக்கூடப் பையன் ஓட்டும் அளவு.

"எங்க வீட்ல 24 தான் ராசி" என்று வாங்கிப் போனால், வீட்டில் போய்த்தான் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கும்.

மிதி கணக்கு

சக்கரம் சின்னதானால் என்ன நஷ்டம்? கணக்குப் போட்டுப் பார்த்து விடுவோம்.

முன்னால் செயின் வீலில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்வோம். 2 இஞ்ச் தடி டயர் போட்ட 20 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 1.59 மீட்டர் ஓடும். 24 இஞ்ச் 1.91 மீட்டர். 26 இஞ்ச் 2.07 மீட்டர். கறுப்பு சைக்கிளின் 28 இஞ்ச் 2.24 மீட்டர்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர எத்தனை மிதி?

20 இஞ்ச்: சுமார் 3,090 சுற்று.

24 இஞ்ச்: சுமார் 2,570.

26 இஞ்ச்: சுமார் 2,370.

28 இஞ்ச்: சுமார் 2,190.

20-க்கும் 28-க்கும் ஒரு தடவைக்கு 900 மிதி வித்தியாசம். போக வர 1,800. மாதம் 25 நாள் வேலை என்றால் 45 ஆயிரம் மிதி கூடுதல்!

சின்னச் சக்கரத்தில் ஒவ்வொரு மிதியும் லேசு என்பது நிஜம். பல்லை மாற்றிக் கட்டினால் கணக்கும் மாறும். அதுவும் நிஜம். ஆனால் கடையில் நிற்கிற வண்டியை அப்படியே வாங்கி வருகிறவருக்கு இந்தக் கணக்குதான்.

மேற்கே அய்யனார் கோவில் பக்கமோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்பு பக்கமோ போகிறவர்களுக்கு வேறு கதை. மலையடிவாரம். ரோடு மெல்ல ஏறும். ஆனி, ஆடியில் மேல்காற்று முகத்தில் அடிக்கும். ஒற்றை கியர் வண்டியில் பெரிய சக்கரம் அங்கே கனக்கும். தினம் அந்தத் திசையில் போகிறவருக்கு 26 இஞ்ச் நல்லது. இல்லாவிட்டால் பின்னால் 20 பல் ஃப்ரீவீல் மாட்டிக் கொள்ளலாம்.

பள்ளத்தில் விழுந்தால்...

குழாய்க்குத் தோண்டி, மண்ணைத் தள்ளி, தார் போடாமல் விட்ட தெரு நம்ம ஊரில் எது இல்லை?

ஒரு அடி அகலப் பள்ளத்தில் 20 இஞ்ச் சக்கரம் கிட்டத்தட்ட 5 சென்டி மீட்டர் இறங்கும். அதே பள்ளத்தில் 28 இஞ்ச் சக்கரம் 3.4 சென்டி மீட்டர்தான் இறங்கும். சக்கரம் பெரிதானால் பள்ளத்தின் இரண்டு விளிம்பையும் தொட்டுத் தாண்டிவிடும். சின்னது உள்ளே போய் முட்டும்.

பகலில் பார்த்து ஒதுங்கலாம். ராத்திரி ஷிப்டு முடிந்து, தெருவிளக்கு எரியாத இடத்தில், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது பள்ளத்தில் முன்சக்கரம் முட்டினால்? ஹேண்டில்பார் திரும்பும். ஆள் விழுவது இடது பக்கமா, பஸ் வரும் பக்கமா என்பது அவன் கையில் இல்லை.

சின்னச் சக்கரத்துக்கும் நல்ல குணம் உண்டு. மறைக்கக் கூடாது. ரிம் சீக்கிரம் கோட்டம் ஆகாது. சந்தில் சட்டென்று திரும்பும். மாடிப் படியில் தூக்கிப் போகலாம். ஆனால் ஹைவேயில் அந்த 'சட்டென்று திரும்பும்' குணமே ஆபத்து. லேசாகக் கை அசைந்தாலும் வண்டி அலையும்.

யாருக்கு எது?

கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பொதுவாக இப்படி வைத்துக்கொள்ளலாம்.

20 இஞ்ச்: வித்தை காட்ட, மைதானத்தில் குதிக்க. தினசரி வேலைக்கு வேண்டாம்.

24 இஞ்ச் குரூசர்: 5 அடியிலிருந்து ஐந்தரை அடிக்குள் இருப்பவருக்கு. கடைத்தெரு, கோவில், ரேஷன் கடை என்று இரண்டு மூன்று கிலோ மீட்டருக்குள் சுற்றுகிறவருக்கு ஜோர்.

26 இஞ்ச்: 5 அடி 4 இஞ்ச்சிலிருந்து 6 அடி வரை. பி.எம்.எக்ஸ். தோரணையும் வேண்டும், வேலைக்கும் போக வேண்டும் என்றால் இதுதான். உள்ளூர்க் கடையில் டியூப், டயர் சுலபமாகக் கிடைக்கும்.

29 இஞ்ச்: 5 அடி 8 இஞ்ச்சுக்கு மேல் உள்ள நெட்டை ஆளுக்கு. நேர் ரோட்டில் பறக்கும். குட்டை ஆள் வாங்கினால் சிக்னலில் கால் ஊன்ற முடியாமல் தவிப்பார்.

28 இஞ்ச் கறுப்பு சைக்கிள்: மூட்டை ஏற்றுகிறவருக்கும் தினம் நெடுந்தூரம் போகிறவருக்கும் இன்றும் ராஜா. ஸ்டைல் இல்லை என்று வாலிபர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நாலு இஞ்ச் அகல டயர் போட்ட 'ஃபேட்' வண்டியும் இப்போது வருகிறது. பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் அது மணலுக்கும் பனிக்கும் வந்த டயர். தார் ரோட்டில் அந்தக் கனத்தை 12 கிலோ மீட்டர் மிதிக்க வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டு பணத்தை எடுங்கள்.

புதுக்கோட்டைப் பெண்கள் காட்டிய வழி

அளவு பார்த்து, தேவை பார்த்து வண்டி எடுப்பது எப்படி என்று புதுக்கோட்டைப் பெண்கள் காட்டியிருக்கிறார்கள்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அந்த மாவட்டத்தில் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் தூண்டுகோல். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் தட்டுப்பாடே வந்தது.

பெண்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்தார்கள். அதையே விரும்பியவர்களும் உண்டு. ஏன்? முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

'ஜென்ட்ஸா, லேடீஸா' என்று அவர்கள் பார்க்கவில்லை. "நான் எதைச் சுமக்கணும், எவ்வளவு தூரம் போகணும்" என்று பார்த்தார்கள்.

2001-02-ல் தமிழக அரசு மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு மாணவர்களுக்கும் விரித்தது. ஒரு வகுப்பில் நாலரை அடிப் பிள்ளையும் இருக்கும், ஆறடிப் பையனும் இருப்பான். வண்டி அவரவர் அளவுக்குத் தைத்தா வரும்? வந்த வண்டியில் சீட்டை ஏற்றி இறக்கிப் பொருத்திக்கொடுப்பது பெற்றோர் வேலை. இரண்டு போல்ட் திருக்கினால் முடிகிற காரியம். பல வீட்டில் அதைச் செய்வதில்லை.

மூன்று இலக்க ரகசியம்

இனி முக்கியமான விஷயம். டயர் மாற்றும்போது உஷார்!

26 இஞ்ச் டயர் என்று கேட்டால் மூன்று தினுசு இருக்கிறது. 26 x 1.95 என்று புள்ளி வைத்து எழுதியது ஒன்று. 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதியது ஒன்று. 26 x 1½ இன்னொன்று. மூன்றும் 26 தான். ஒன்று மற்றதில் பொருந்தாது!

டயரின் பக்கவாட்டில் 'இத்தனை - இத்தனை' என்று கோடு போட்டு இரண்டு எண் இருக்கும். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்தான் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு. மில்லி மீட்டர் கணக்கு. உலகம் பூரா ஒரே கணக்கு.

பி.எம்.எக்ஸ். 20 இஞ்ச்: 406.

24 இஞ்ச் குரூசர்: 507.

26 இஞ்ச் தடி டயர்: 559.

26 x 1⅜: 590. 26 x 1½: 584.

27.5 இஞ்ச்: இதுவும் 584.

29 இஞ்ச்: 622.

கறுப்பு சைக்கிள் 28 x 1½: 635.

தலைப்பில் சொன்ன வேடிக்கை புரிகிறதா? 29-க்கு 622, 28-க்கு 635. அதே போல 27.5-ஐ விட 26 x 1⅜ ரிம் 6 மில்லி மீட்டர் பெரிது!

காரணம் இதுதான். இஞ்ச் எண் டயரையும் சேர்த்து வெளி உயரத்தைக் குறிக்க வந்தது. தடி டயர் போட்டால் சின்ன ரிம்மும் பெரிய சக்கரம் ஆகிவிடும். நாட்டுக்கு நாடு ஆளாளுக்குப் பெயர் வைத்ததில் குழப்பம் முற்றிவிட்டது.

பெரிய டயர் சின்ன ரிம்மில் சுலபமாக ஏறும். "ஆஹா, சிரமமே இல்லாமல் ஏறிடுச்சு" என்று சந்தோஷப்படக் கூடாது. அதுதான் ஆபத்து. காற்று ஏறினதும் ஓரம் தூக்கும். டியூப் பிதுங்கும். வெயிலில் ஓடும்போது 'டமார்' என்று வெடிக்கும். முன்சக்கரத்தில் நடந்தால் பல் போகும். பின்னால் லாரி வந்தால் ஆளே போவான்.

கடையில் ஐந்து சோதனை

பணம் கொடுப்பதற்கு முன் இந்த ஐந்தையும் செய்யுங்கள். கடைக்காரர் முகம் கோணினால் வேறு கடை பாருங்கள்.

1. பாரின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்கள். பாருக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் இஞ்ச், இரண்டு இஞ்ச் இடைவெளி வேண்டும். இடித்தால் வண்டி பெரிது.

2. சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே இறக்கி, குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரி. முட்டி மார்புக்கு வந்தால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை.

3. சீட் குழாயில் ஒரு கோடு இருக்கும். அதற்கு மேல் குழாயை வெளியே இழுக்கக் கூடாது. சின்ன வண்டியை வாங்கி சீட்டை மட்டும் ஏற்றிச் சமாளிக்கிறவர்கள் செய்யும் தப்பு இதுதான். குழாய் வளையும், முறியும்.

4. உட்கார்ந்தபடி ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்புங்கள். முட்டியில் இடிக்கக் கூடாது. பெடலில் இருக்கிற முன்பாதம் முன்சக்கரத்தில் உரசக் கூடாது.

5. இரண்டு பிரேக்கும் வேலை செய்ய வேண்டும். பி.எம்.எக்ஸ். வித்தைக்காரர்கள் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுவதைப் பார்த்து, நம்ம பையன்களும் கழற்றுகிறார்கள். மைதானத்தில் அது வித்தை. மதுரை ரோட்டில் அது தற்கொலை.

பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் விளக்கு இரண்டையும் அங்கேயே மாட்டச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹாண்ட் வண்டியா?

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, முன் சக்கரத்து டயர் எண்ணையும் பின் சக்கரத்து டயர் எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள். ரிம் மாற்றிக் கட்டின வண்டியில் முன்னால் 559, பின்னால் 590 என்று இருக்கும். பிரேக் கட்டை ரிம்மில் படாமல் டயரில் உரசும்.

இரண்டு, பெடல் அச்சுக்கு அடியிலோ சீட் குழாயிலோ பாடி நம்பர் குத்தியிருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் தொடாதீர்கள். பில் கேளுங்கள். திருட்டு வண்டி என்று தெரிந்தோ, சந்தேகப்பட இடம் இருந்தோ வாங்கினால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில். "சீப்பா கிடைச்சுது சார்" என்ற சமாதானம் ஸ்டேஷனில் எடுபடாது.

உங்கள் வண்டியின் பாடி நம்பரையும் எழுதி வையுங்கள். காணாமல் போனால், "நீலக் கலர் சைக்கிள்" என்று புகார் கொடுத்தால் போலீசார் எதைத் தேடுவார்கள்?

ஆளுக்கு ஏற்ற சக்கரம்

ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்கிற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சக்கரத்தின் அருமையை அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தேர்ச் சக்கரத்தைத் தச்சர் தேருக்கு ஏற்றபடி செய்வார். சைக்கிள் சக்கரத்தை ஆளுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டியது நீங்கள்தான்.

பி.எம்.எக்ஸ். தோரணை மேல் ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். 20-ஐ விட்டு 26-க்குப் போங்கள். குட்டையான ஆளானால் 24. மூட்டையும் தூரமும் இருந்தால் தாத்தாவின் 28-ஐத் தள்ளிவிடாதீர்கள்.

வீட்டில் இருக்கிற சைக்கிளின் டயரில் அந்த மூன்று இலக்க எண்ணை இன்று ராத்திரியே பார்த்து, ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வையுங்கள். அடுத்த தடவை டயர் வாங்கும்போது "26 குடுங்க" என்று கேட்காமல், அந்தச் சீட்டை நீட்டுங்கள்.